பிடில் வேலையை எடுத்துக்கொண்ட கிட்டார்: ஃபிளாட்பிக்கிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அறுபது ஆண்டுப் பழைய அமெரிக்கக் கன்ட்ரி இசையைப் போட்டுக் காட்டும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பாட்டு இருக்காது, வெறும் வாத்திய இசை, அதிலும் கிட்டார். இரண்டு நிமிடத்துக்குள் கேள்விகள் தொடங்கிவிடும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. எழுதி வைத்துவிட்டால் நானும் சூடாகக் காபி குடிக்கலாம் என்று தோன்றியது.

ஃபிளாட்பிக்கிங் என்றால் என்ன?

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தட்டையான பிக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இரும்புத் தந்தி பூட்டிய கிட்டாரில் ஒரு மெட்டை ஸ்வரம் ஸ்வரமாக வாசிப்பது. சொல்வதற்கு இவ்வளவுதான். ராக் கலைஞர்களும் ஜாஸ் கலைஞர்களும்கூடப் பிக்கால் வாசிக்கிறார்கள். ஆனால் அவர்களை யாரும் ஃபிளாட்பிக்கர் என்று அழைப்பதில்லை. அமெரிக்காவின் தென்கிழக்கே அப்பலாச்சிய மலைப்பகுதியில் புழங்கிய நடன மெட்டுகளையும் அவற்றின் வழி வளர்ந்த புளூகிராஸ் என்ற கன்ட்ரி இசை வகையையும் கிட்டார் முன்வரிசைக்கு வந்து வாசிக்கிறதே, அதற்குத்தான் அந்தப் பெயர் நிலைத்தது.

கட்டைவிரலில் மோதிரம்போல் மாட்டிக்கொள்ளும் வளைந்த பிக் ஒன்றும் உண்டு. அதிலிருந்து பிரித்துச் சொல்லவே இதைத் தட்டை என்கிறார்கள்.

அப்படியென்றால் கன்ட்ரி கிட்டார்காரர் செட் அட்கின்ஸ் இந்தக் கணக்கில் வருவாரா?

வரமாட்டார். அவரும் அவருக்கு முன்னோடியான மெர்ல் டிராவிஸும் கட்டைவிரல் பிக்கை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலால் கீழ்த்தந்திகளில் (தாழ்ந்த ஒலி தரும் தடித்த தந்திகளில்) தாளத்தையும் மற்ற விரல்களால் மெட்டையும் ஒரே நேரத்தில் வாசித்தவர்கள். ஒரே ஆள் இரண்டு ஆளாகக் கேட்கும் வித்தை அது. ஃபிளாட்பிக்கருக்கு அந்த வசதி கிடையாது. கையில் இருப்பது ஒரே முனை. அது ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும்.

ஆனால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருந்தது. ஃபிளாட்பிக்கிங்கின் பெரிய பெயரான டாக் வாட்சன் தன் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்தது டிராவிஸை நினைத்துத்தான். இருவரும் முதன்முதலில் நேரில் சந்தித்தது நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற குழு நாஷ்வில்லில் செய்த ஒலிப்பதிவின்போது. 1972இல் வந்த அந்த இசைத்தட்டில் இரண்டு பேரும் கூச்சத்தோடு பேசிக்கொள்வதையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் இசையைவிட அந்தப் பேச்சுதான் பிடிக்கும்.

பிடிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எப்போதும் அதையே சொல்கிறீர்களே?

எல்லாச் சம்பந்தமும் அதுதான்.

நம் தாத்தா தலைமுறை வயலினைப் பிடில் என்றது. அப்பலாச்சிய மலைக்காரர்களும் அப்படியே சொன்னார்கள். கருவி ஒன்றுதான், வாசிப்புதான் வேறு. சனிக்கிழமை இரவு ஒரு வீட்டிலோ களஞ்சியத்திலோ ஆட்டம் நடக்கும். அங்கே ராஜா பிடில்காரர்தான். அவர் வாசிக்கும் மெட்டு பெரும்பாலும் ஒரே சட்டத்துக்குள் நிற்கும்: எட்டுக் கட்டம் (கட்டம் என்பது தாளத்தின் ஒரு சுற்று) கொண்ட முதல் பகுதி இரண்டு முறை, எட்டுக் கட்டம் கொண்ட இரண்டாம் பகுதி இரண்டு முறை, மொத்தம் 32 கட்டம். அதையே ஆடுகிறவர்கள் ஓயும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். பக்கத்தில் பாஞ்சோ, தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட தந்திக் கருவி. கிட்டார் இந்தக் கூட்டத்துக்குப் பிற்பாடு வந்து சேர்ந்த விருந்தாளி. தபால் விற்பனைப் பட்டியல்கள் மலிவுக் கிட்டார்களை மலைக்கு ஏற்றிய பிறகுதான் அது பரவலாகியது. வந்தவருக்குக் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். ஒரு கீழ் ஸ்வரம், ஒரு கார்டு (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒரே வீச்சில்), மறுபடி ஒரு கீழ் ஸ்வரம், ஒரு கார்டு. நம் ஊரில் தம்புராவுக்கும் மிருதங்கத்துக்கும் பாதிப் பாதி சம்பளம் கொடுத்து ஒருவரை உட்கார வைத்தது போன்ற வேலை.

கிட்டார் அந்தப் பிடில் மெட்டை எடுத்து வாசிக்கப் பார்த்தால் உடனே ஒரு சிக்கல் வரும். வில்லை ஒருமுறை இழுத்தால் மூன்று நான்கு ஸ்வரங்கள் அதில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெரும்பாலும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகத் தட்டித்தான் எழுப்ப வேண்டும், தட்டியது அடுத்த கணமே அடங்கத் தொடங்கிவிடும். எனவே மெட்டை அப்படியே பெயர்த்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடைவெளிகளை நிரப்ப வேண்டும், திறந்த தந்திகளை ஒலிக்க விட வேண்டும், வில் அழுத்துகிற இடத்தில் பிக் அழுத்த வேண்டும். ஃபிளாட்பிக்கிங் என்ற கலை முழுவதும் இந்த மொழிபெயர்ப்பில் பிறந்தது என்பது என் கட்சி.

டாக் வாட்சன் யார்? ஏன் அவர் பெயரை எல்லோரும் முதலில் சொல்கிறார்கள்?

வட கரோலினாவின் டீப் கேப் என்ற மலையூர்க்காரர். 1923இல் பிறந்தார், ஒரு வயது நிறைவதற்குள் கண்ணில் வந்த நோயால் பார்வை போய்விட்டது. அப்பா அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. பதினான்கு வயதில் இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தின் மறுமுனையைக் கையில் கொடுத்துவிட்டார். பட்டுப்போன செஸ்ட்நட் மரங்களை வெட்டித் தோல் பதனிடும் ஆலைக்கு விற்ற காசில் சியர்ஸ் கடையின் தபால் விற்பனைப் பட்டியல் மூலம் ஒரு கிட்டார் வாங்கினார். முன்னும் பின்னும் சீராக ரம்பம் இழுத்த கைதான் பிறகு மேலும் கீழும் பிக்கை இழுத்தது என்று நினைத்துக்கொள்வேன். இது என் கற்பனை, ஆதாரம் கேட்காதீர்கள்.

கதையின் உயிரான பகுதி 1953இல் வருகிறது. டாக் அப்போது ஜாக் வில்லியம்ஸ் என்ற பியானோக்காரரின் நடனக் குழுவில் லெஸ் பால் மின்சாரக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். குழுவில் பெரும்பாலும் பிடில்காரர் கிடையாது. ஆட வந்தவர்கள் சும்மா விடுவார்களா? நாலு ஜோடி சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர் டான்ஸ் வேண்டும், அதற்குப் பிடில் மெட்டு வேண்டும். ஆள் இல்லாத குறையை ஈடுகட்ட டாக் அந்த மெட்டுகளைக் கிட்டாரில் பழகினார். நடனத்துக்கு வாசிக்கிறவர் நடுவில் தடுமாறி நிற்க முடியாது. காசு கொடுத்து வந்தவர்களின் கால் தடுக்கும். அவருடைய வாசிப்பு எவ்வளவு வேகமானாலும் நிதானம் கெடாமல் இருப்பதற்கு அந்த இரவுகள்தான் காரணம்.

1960இல் ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற நாட்டாரிசை ஆர்வலர் கிளாரன்ஸ் ஆஷ்லி என்ற பழைய பாடகரைப் பதிவு செய்ய வந்தபோது டாக் மின்சாரக் கிட்டாரோடு வந்து நின்றார். ரின்ஸ்லருக்கு அது ஒத்துவரவில்லை; பழைய இசைக்கு மரக் கிட்டார்தான் வேண்டும் என்றார். 1963இல் நியூபோர்ட் நாட்டாரிசை விழா, 1964இல் வான்கார்டு நிறுவனத்தில் முதல் தனி இசைத்தட்டு. நகரத்து இளைஞர்கள் அவரை மலையிலிருந்து இறங்கிய தூய பழைமையாகப் பார்த்தார்கள். அவரோ ஆறேழு ஆண்டுகளாக மின்சாரக் கிட்டாரில் நடனத்துக்கு வாசித்துவிட்டு வந்திருந்தார். இந்த வேடிக்கையை நான் ஒருபோதும் சொல்லாமல் விடுவதில்லை.

அவருக்கு முன்னால் யாருமே வாசிக்கவில்லையா?

வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள். 1920களில் ஜார்ஜியாவின் ஸ்கில்லெட் லிக்கர்ஸ் குழுவில் ரைலி பக்கெட் (அவரும் பார்வையற்றவர்தான்) பின்வரிசையிலிருந்தே கீழ்த்தந்திகளில் ஓட்டமான கோர்வைகளைப் போட்டுப் பிடில்காரர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார். தென் கரோலினாவின் ஆர்தர் ஸ்மித் 1945இல் பதிவு செய்த ‘கிட்டார் பூகி’ 1948இல் பெரிய வெற்றி கண்டது. பாட்டே இல்லாத ஒரு கிட்டார் உருப்படி வானொலியைப் பிடித்துக்கொண்டது அன்றைக்குச் சின்ன விஷயம் அல்ல. ஹேங்க் கார்லண்டின் ‘சுகர்ஃபுட் ராக்’ அடுத்து வந்தது. பாஞ்சோவுக்குப் பெயர்போன டான் ரீனோ 1950களிலேயே புளூகிராஸ் குழுவுக்குள் பிக் பிடித்துத் தனி ஆவர்த்தனம் வாசித்தார்.

டாக் செய்த வேலை வேறு. சிதறிக் கிடந்த இந்த வித்தையை ஒரு மேடைக் கலையாக, ஒரு மரக் கிட்டாரை வைத்துக்கொண்டு தனி ஆளாக நின்று காட்டினார். கேட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதையே பழகினார்கள்.

மின்சாரக் கிட்டாரில் வாசித்தால் அது ஃபிளாட்பிக்கிங் ஆகுமா?

ஆகாது என்று சாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஜிம்மி பிரையன்ட்டைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

ஜார்ஜியாவின் மோல்ட்ரி ஊர்க்காரரான பிரையன்ட் சிறுவயதில் பிடில் வாசித்தவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது கிட்டாரில் தீவிரமாக இறங்கினார். பிறகு கலிஃபோர்னியா போய், ஸ்டீல் கிட்டார் (தந்திகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது) வாசிக்கும் ஸ்பீடி வெஸ்ட்டோடு சேர்ந்து கேப்பிட்டல் நிறுவனத்துக்காக 1950களில் வரிசையாக வாத்திய உருப்படிகளைப் பதிவு செய்தார். ஃபெண்டர் நிறுவனத்தின் முதல் திட உடல் கிட்டார்களில் ஒன்று 1950இலேயே அவர் கைக்குப் போனது. அவர் வாசிப்பதைக் கேட்டால் பிடில்காரர் தெரிவார்: நீளமான வரி, நடுவில் மூச்சே விடாமல் ஓடும் வரி, முடிவில் ஒரு குறும்பு. ஸ்பீடி வெஸ்ட் பக்கத்திலிருந்து வெடிச்சத்தம் போலவும் கோழி கேறுவது போலவும் ஏதாவது செய்து அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார்.

1954இல் இவர்கள் பதிவு செய்த ஓர் உருப்படியில் பிரையன்ட் இரட்டைக் கழுத்துக் கிட்டார் ஒன்றை வாசித்தார். ஒரு கழுத்தில் ஆறு தந்தி, மற்றதில் பன்னிரண்டு. பன்னிரண்டையும் ஜோடி ஜோடியாக, ஒன்றுக்கொன்று மூன்றாம் ஸ்வர இடைவெளியில் சுருதி சேர்த்திருந்தார்கள். ஒரு விரல் வைத்தால் இரண்டு குரல். இரண்டு கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இரட்டைக் கழுத்து என்றதும் ஜோ மேஃபிஸ் வந்துவிடுவார். வர்ஜீனியாவில் பிடில் வாசிக்கும் அப்பாவுக்குப் பிறந்து, நடனங்களில் பிடில் மெட்டுகளைக் கிட்டாரில் உருட்டிப் பழகியவர். மோஸ்ரைட் கிட்டார்களைச் செய்த செமி மோஸ்லி 1954இல் அவருக்காகச் செய்து கொடுத்த கிட்டாரில் சின்னக் கழுத்து ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். கலிஃபோர்னியாவின் ‘டவுன் ஹால் பார்ட்டி’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பழைய படச்சுருள்களில் அவரைப் பார்க்கலாம். கை ஓடுகிற ஓட்டத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் முகம்.

வலது கை என்னதான் செய்கிறது?

கேட்கிறவர்கள் இடது கையைப் பார்க்கிறார்கள். வாசிக்கிறவர்கள் வலது கையைப் பார்க்கிறார்கள்.

சட்டம் இதுதான்: தாளத்தின் மேல் விழும் ஸ்வரத்துக்குப் பிக் கீழ்நோக்கிப் போக வேண்டும், இரண்டு தட்டுக்கு நடுவே விழும் ஸ்வரத்துக்கு மேல்நோக்கி வர வேண்டும். கீழ், மேல், கீழ், மேல். ஒரு ஸ்வரத்தை வாசிக்காமல் விட்டாலும் கை நிற்கக் கூடாது; காற்றில் வீசிவிட்டு வர வேண்டும். ஊஞ்சல் மாதிரி. யாரும் உட்காரவில்லை என்பதற்காக ஊஞ்சல் நடுவழியில் நிற்காது.

எளிதாகத் தோன்றும், ஒரே தந்தியில் வாசிக்கும்வரை. மெட்டு ஒரு தந்தியிலிருந்து பக்கத்துத் தந்திக்குத் தாவும்போதுதான் வேதனை. கீழ் வீச்சில் அடித்துவிட்டு அடுத்த மெல்லிய தந்திக்கு மேல் வீச்சில் வர வேண்டுமென்றால் பிக் அந்தத் தந்தியைத் தாண்டிப் போய் அடியிலிருந்து திரும்பி வர வேண்டும். மில்லிமீட்டர் கணக்கிலான இந்தச் சுற்றுவழி ஒரு நொடிக்குள் பலமுறை நடக்கிறது. மணிக்கட்டு இறுகினால் கதை முடிந்தது. அழுத்திப் பிடித்தால் சத்தம் கரகரக்கும், தளர விட்டால் பிக் விரலுக்குள் திரும்பிவிடும், சில சமயம் ஒலித்துளைக்குள்ளேயே விழுந்துவிடும். கிட்டாரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கும் அந்தக் காட்சியைக் கச்சேரியில் நான் பார்த்ததில்லை. என் வீட்டில் வாரம் ஒருமுறை நடக்கும்.

கிராஸ்பிக்கிங் என்பது வேறா?

ஒரே வீட்டின் வேறு அறை. மூன்று தந்திகளின் மேல் பிக்கை உருட்டிக்கொண்டே போவது. பாஞ்சோவின் உருட்டல் கிட்டாருக்கு வந்தது என்று சொல்லலாம். மூன்று மூன்றாக உருட்டினால் எட்டு ஸ்வரக் கட்டத்துக்குள் சரியாக அடங்காது. அதனால் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பார்கள். நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: தகிட தகிட தக.

இதற்குப் பேர்போனவர் ஸ்டான்லி சகோதரர்களின் குழுவில் வாசித்த ஜார்ஜ் ஷஃப்லர். பாட்டின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே வெறுமை விழாமல் ஒற்றைக் கிட்டாரால் நிரப்பினார். அவர் கையில் பிக் கீழ், கீழ், மேல் என்று போகும். முன் கேள்வியில் சொன்ன சட்டத்துக்கு இது நேர் விரோதம். கேட்க நன்றாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. அப்புறம் சட்டம் எதற்கு?

நிஜமாகவே அவ்வளவு வேகமா? ஒலிப்பதிவை வேகமாக ஓட்டிவிடுகிறார்களா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 240 தட்டு என்பது நல்ல விறுவிறுப்பான வேகம். ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம். நிமிடத்துக்கு 480, நொடிக்கு 8. நாலு தட்டுக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் 32 கட்டம் கொண்ட மெட்டு ஒரு சுற்று முடிய 32 நொடி, அதற்குள் 256 ஸ்வரம். ஓட்டத் தேவையே இல்லை.

ஆனால் இந்த எண்ணைச் சொன்னதும் எல்லோரும் எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். நொடிக்கு எட்டு ஸ்வரம் வாசிக்கிற பிள்ளைகள் இன்று இணையத்தில் ஏராளம். அந்த எட்டில் எது மெட்டு, எது நிரப்பல் என்று காதுக்குத் தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி. டாக் வாசித்தால் தெரியும்.

கிளாரன்ஸ் வைட்? ஒரே ஒரு கிட்டாரைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அது என்ன கதை?

கிளாரன்ஸ் 1944இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். அண்ணன்களோடு சேர்ந்து நடத்திய கென்டக்கி கர்னல்ஸ் குழு 1964இல் முழுக்க வாத்திய இசையாகவே ஓர் இசைத்தட்டு போட்டது. டாக் தாளத்தின் மேல் வந்து உட்காருவார் என்றால் கிளாரன்ஸ் தாளத்தோடு கண்ணாமூச்சி ஆடுவார். எதிர்பார்க்கிற இடத்தில் வரமாட்டார். அரைத் தட்டு தள்ளி, வேறொரு வாசல் வழியாக உள்ளே நுழைந்து, சமத்துக்குச் சரியாக வந்து சேர்வார். எடுப்பைத் தள்ளிப் போட்டு விளையாடும் வித்வானைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது எந்தச் சுகம் என்று தெரியும்.

அவர் கையிலிருந்தது 1935ஆம் ஆண்டு மார்ட்டின் டி-28. அவரிடம் வருவதற்கு முன்பே அடிபட்டு வந்த கிட்டார். ஒலித்துளையின் ஓரத்தை யாரோ தேய்த்துப் பெரிதாக்கிவிட்டிருந்தார்கள், விரல்பலகை மாறியிருந்தது. 1960இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்து அதை வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். பதினாறு வயது கிளாரன்ஸ் கொடுத்தார். பையன் பெயர் டோனி ரைஸ், பின்னாளில் ஃபிளாட்பிக்கிங்கின் இன்னொரு பெரிய பெயர்.

பிறகு கிளாரன்ஸ் மின்சாரக் கிட்டாருக்குப் போனார், 1968இல் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்தார், பழைய கிட்டார் கைமாறிப் போய் ஏதோ ஒரு கட்டிலுக்கடியில் கிடந்தது. 1973 ஜூலையில், கச்சேரி முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் கார் மோதி இறந்தார். வயது 29. 1975இல் டோனி ரைஸ் அந்தக் கிட்டார் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து 550 டாலருக்கு வாங்கினார். 1993இல் ஃபுளோரிடாவில் புயல் வெள்ளம் அவர் வீட்டுக்குள் புகுந்தபோது கிட்டார் தண்ணீரில் மூழ்கிக் கிடந்து, பிரித்துக் காய வைக்கப்பட்டு, மறுபடி பாடியது. 2020 டிசம்பரில் ரைஸ் இறக்கும்வரை அது அவருடையதாகவே இருந்தது.

அந்தப் பெரிய துளையினால்தான் அந்த நாதம் வருகிறது என்று நம்பி, அதே அளவுத் துளையோடு கிட்டார் செய்து விற்கிறார்கள். நான் ஒன்றை வாசித்துப் பார்த்தேன். என்னைப் போலவே ஒலித்தது.

எந்தக் கிட்டார் வேண்டும்?

டிரெட்நாட் என்ற அகன்ற உடல் கொண்டது. 1906இல் பிரிட்டன் இறக்கிய போர்க்கப்பலின் பெயர் அது. பென்சில்வேனியாவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல் வேறொரு கடைக்காக இந்த வடிவத்தைச் செய்தது, 1931இல்தான் தன் பெயரில் விற்கத் தொடங்கியது. கிட்டார் பாஞ்சோவுக்கும் பிடிலுக்கும் நடுவே, ஒற்றை மைக்குக்கு முன்னால் பிழைக்க வேண்டியிருந்தது. பெரிய வயிறு உதவியது. 1930களின் டி-28இல் மேல்பலகையின் ஓரம் முழுக்க மீன்முள் வடிவில் மரக்கரை ஓடும், சேலைக்குக் கரை போல. உள்ளே மேல்பலகையைத் தாங்கும் கட்டைகளைச் செதுக்கி மெலிதாக்கியிருப்பார்கள். செதுக்குவதை 1944இல் விட்டார்கள், கரை 1947 வாக்கில் நின்றது. இன்று சேகரிப்பாளர்கள் தேடுவது அதற்கு முந்தையவற்றைத்தான்.

இதில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. டி-28இன் பக்கமும் முதுகும் 1969வரை பிரேசில் ரோஸ்வுட்டில் செய்யப்பட்டன. அந்த மரம் கிடைப்பது அரிதாகிவிடவே இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். அது வேறொன்றும் இல்லை, நம் ஈட்டி மரம்; தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். அதைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. பாட்டி வீட்டு ஈட்டிக் கட்டிலும் அந்த மலைக்காரர்களின் கிட்டாரும் தூரத்து உறவு.

பிக்?

தடிமனாக. ஒரு மில்லிமீட்டருக்கு மேல், ஒன்றரைவரைகூட. மெலிந்த பிக் தந்தியில் பட்டதும் வளையும், வளைந்த நேரம் வீணான நேரம். அந்தக் காலத்தில் உயர்ந்ததாக மதித்தது ஆமை ஓட்டுப் பிக்கை. நம் மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் அழுங்காமையின் ஓடுதான் அது. பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டுவிட்டது, நல்லதாயிற்று. செல்லுலாய்டில் செய்ததே நன்றாக இருக்கிறது. டோனி ரைஸ் பிக்கின் கூர் முனையை விட்டு மழுங்கிய மூலையால் வாசித்தார். நாதம் உருண்டு வரும்.

கேபோ (எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொள்வது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. திறந்த தந்திகள் ஒலித்தால்தான் இந்த இசைக்கு உயிர். பிடில்காரர் டி சுருதியில் வாசிக்கிறார் என்றால் கிட்டார்காரர் இரண்டாம் ஃபிரெட்டில் (விரல்பலகையின் குறுக்குக் கம்பியில்) கேபோ போட்டுச் சி-யின் விரல் வடிவங்களிலேயே வாசிப்பார். ஆர்மோனியத்தில் கட்டை மாற்றுகிறவரை யாரும் கேட்பதில்லையே.

‘டூயலிங் பாஞ்சோஸ்’ என்ற உருப்படி ஒரு படத்தில் வருமே, அது கிட்டார்தானே?

ஒன்று கிட்டார், ஒன்று பாஞ்சோ. பெயர் பொய் சொல்கிறது. மூலம் ஆர்தர் ஸ்மித்தும் டான் ரீனோவும் 1955இல் இரண்டு பாஞ்சோக்களில் பதிவு செய்தது. 1972இல் வந்த ‘டெலிவரன்ஸ்’ படத்தில் ஸ்மித்தின் பெயர் போடாமல் அதைப் பயன்படுத்தினார்கள். ஸ்மித் வழக்குப் போட்டு வென்றார். படத்துக்காகக் கிட்டாரை வாசித்தவர் ஸ்டீவ் மேண்டல், பாஞ்சோ எரிக் வைஸ்பெர்க்.

பெண்கள் யாரும் இல்லையா?

தொடக்கமே ஒரு பெண்தான். மேபெல் கார்ட்டர் 1920களின் பதிவுகளில் கீழ்த்தந்திகளில் மெட்டும் மேல்தந்திகளில் தாளமும் வாசித்துக் கிட்டாரும் மெட்டு வாசிக்கும் என்று காட்டினார். அவர் பிடித்தது தட்டைப் பிக் அல்ல, ஆனால் அவரைக் கேட்டு வளராத ஃபிளாட்பிக்கர் அபூர்வம். பிறகு நீண்ட காலம் மேடைகள் ஆண்களால் நிரம்பிக் கிடந்தன. மோலி டட்டில் 2017இல் பன்னாட்டுப் புளூகிராஸ் சங்கத்தின் சிறந்த கிட்டார் கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண். அவருடைய கிராஸ்பிக்கிங்கைக் கேளுங்கள். ஷஃப்லர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

டாக் வாட்சனின் 1964 இசைத்தட்டில் ‘பிளாக் மவுன்டன் ராக்’. மூன்று முறை. அடுத்து அதே ஆண்டு வந்த கென்டக்கி கர்னல்ஸ் தட்டு. சிரிக்க ஆசையாக இருக்கும் நாளில் பிரையன்ட்டும் வெஸ்ட்டும். வேகத்தில் களைத்துப்போனால் நார்மன் பிளேக். மழை நாளில் திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே வாசிப்பது போல வாசிப்பார். டோனி ரைஸைக் கடைசியில் வையுங்கள். முதலில் கேட்டுவிட்டால் மற்றவர்களை அவரை வைத்தே அளக்கத் தோன்றும்.

கற்றுக்கொள்ள எவ்வளவு காலமாகும்?

என்னைக் கேட்கக் கூடாது. முதல் கிட்டாரை இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். வந்து சேர்ந்தபோது பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்திக்கும் விரல்பலகைக்கும் நடுவே இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கிச் செருகலாம். திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். விரல் நுனி கிழிந்ததுதான் மிச்சம், ஓராண்டு வீண். நீங்கள் வாங்கினால் முதலில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தந்தி உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். கடற்கரை ஊராக இருந்தால் வாசித்து முடித்ததும் தந்தியைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் துரு.

பிறகு ஒரே ஒரு மெட்டு, தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து. கீழ், மேல், கீழ், மேல். ஒரு வாரம் தப்பில்லாமல் வந்தால் நாலு எண் கூட்டுங்கள். நான் இன்று காலை 168இல் நின்றேன். 172 வைத்தால் இரண்டாம் பகுதியின் ஆறாவது கட்டத்தில் மேல் வீச்சு வர வேண்டிய இடத்தில் கை கீழே போய்விடுகிறது. நான்கு மாதமாக அதே கட்டம்.